யூக் ஆற்றங்கரையில் எழுந்த குரல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பள்ளிக்கூட டீச்சரைப் பற்றி. பெயர் அந்தொனீனா யாகவ்லெவ்னா கொலோத்திலோவா. ரஷ்யாவின் வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் நகரில் இருக்கிற வடக்கு ரஷ்ய நாட்டுப்புறச் சேர்ந்திசைக் குழுவை உண்டாக்கியவர். முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் அதை முன்னின்று நடத்தியவரும் அவரே. மாஸ்கோவின் பெரிய இசைமேதைகளை நமக்குத் தெரியும். இந்த அம்மாவை அநேகமாகத் தெரியாது. அது எனக்கு நெடுநாளாக மனக்குறை.

அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரு ஆற்றைப் பின்தொடர்ந்தால் போதும். நிக்கோல்ஸ்க் என்கிற சிற்றூர் யூக் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஜீலினோ கிராமம். 1890இல் அவர் பிறந்தது அங்கே. யூக் கீழே போய் வெலீக்கி உஸ்தியுக் நகரத்தருகே சுஹோனா ஆற்றோடு கலக்கிறது. கலந்தபின் அதற்குப் பெயர் வட த்வீனா. அந்த த்வீனா போய்ச் சேர்கிற வெண்கடலின் வாசலில்தான் ஆர்க்காங்கெல்ஸ்க் நிற்கிறது. படிப்பு உஸ்தியுக்கில், முதல் வேலை நிக்கோல்ஸ்க் பக்கத்துக் கிராமத்தில், குழு பிறந்தது மறுபடி உஸ்தியுக்கில், அது வளர்ந்தது ஆர்க்காங்கெல்ஸ்கில். தண்ணீர் போன வழியிலேயே பாட்டும் போயிருக்கிறது.

1909இல் உஸ்தியுக் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சிறப்பாகத் தேறி, பத்தொன்பது வயதில் பெல்யாகினெத்ஸ் கிராமத்துக்கு டீச்சராகப் போனார். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். மற்ற நேரத்தில் அந்த ஊர்ப் பெண்களிடம் தானே மாணவி ஆனார். அங்கே கல்யாணப் பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகும்போது ஒப்பாரி மாதிரியே ஒன்று பாடுவார்கள். சாவுக்கு அழுகிற அதே அழுகை, பிரிவுக்கும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, தானும் அப்படி அழுது பாடப் பழகினார். கைகோத்து வட்டமாகச் சுற்றும் ஹரவோத் ஆட்டத்தில் பெண்கள் எப்படி அடி எடுத்து வைக்கிறார்கள், எப்படிக் குனிந்து வணங்குகிறார்கள் என்பதையெல்லாம் கவனித்து வைத்துக்கொண்டார். பின்னாளில் மேடையில் அவர் சொல்லிக்கொடுத்ததற்கெல்லாம் மூலதனம் இந்த ஊரில் சேர்த்ததுதான்.

1922இல் மாஸ்கோவில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் மித்ரோபான் பியாத்னித்ஸ்கியைச் சந்தித்தார். 1911இலேயே வொரோனெஷ், ரியாஸான், ஸ்மொலென்ஸ்க் பகுதி விவசாயிகளைக் கூட்டிவந்து மாஸ்கோ மேடையில் பாடவைத்தவர் அவர். தெற்குப் பாட்டுக்கு ஒரு குழு இருக்கிறதே, நம் வடக்குக்கு ஏன் இல்லை என்ற எண்ணம் அந்தச் சந்திப்பில் விழுந்திருக்கிறது.

1926 மார்ச் 8. வெலீக்கி உஸ்தியுக்கில் கல்வித்துறை ஊழியர்களுக்கான மன்றம். மேடை ஏறியவர்கள் பன்னிரண்டு பேர் அளவில், பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் அலுவலக ஊழியர்களும். மேடை உடை என்று தனியாக எதுவும் தைக்கவில்லை. அம்மாவும் பாட்டியும் உடுத்தி, பெட்டியில் மடித்து வைத்திருந்த சராபான் என்கிற கையில்லாத நீளப் பட்டு உடையை எடுத்து உடுத்திக்கொண்டார்கள். கர்மோன் என்கிற துருத்திப் பெட்டி வாசித்தவர்களில் ஒருவர் கொலோத்திலோவாவின் சொந்தச் சகோதரர். அந்த நாளைத்தான் இன்றைக்கும் குழுவின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள்.

ஒத்திகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என்னை இந்த அம்மாவிடம் இழுத்ததே அதுதான். இசைக்குறிப்புத் தாளை நீட்டிப் பாடச் சொல்லவில்லை. ஒவ்வொரு குரலின் பகுதியையும் தானே பாடிக் காட்டுவார், அவர்கள் கேட்டுத் திரும்பப் பாடுவார்கள். கிராமத்தில் பேத்திக்குப் பாட்டி சொல்லிக்கொடுக்கிற முறை அது. உச்சரிப்பிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பாலுக்கு மாஸ்கோக்காரர் ‘மலக்கோ’ என்பார். வடக்கத்தியர் மூன்று ஓகாரமும் உருள ‘மொலொக்கோ’ என்பார். நகரத்து மேடைக்காக அந்த ஓகாரத்தைத் தேய்த்திருந்தால் பாட்டின் பாதி அழகு போயிருக்கும்.

இன்னொன்று, மூச்சு. வடக்கின் நீட்டுப் பாட்டில் ஒரே அசை நெடுநேரம் நிற்கும், தனி ஆள் ஒரு மூச்சில் பிடிக்க முடியாது. ஆகவே ஒருத்தி மூச்சு வாங்கும்போது பக்கத்தவள் குரலைத் தாங்குவாள். முதலாமவள் சத்தமில்லாமல் மறுபடி உள்ளே நுழைவாள். ரஷ்யர்கள் இதைச் ‘சங்கிலி மூச்சு’ என்கிறார்கள். வீட்டுக்குப் போய் மூன்று பேராக ஒரு ‘ஆ’வை இழுத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரைக் காது கொடுத்துக் கேட்காமல் அதைச் செய்யவே முடியாது.

1931இல் ஆர்க்காங்கெல்ஸ்கில் பெரிய குழுவை அமைத்தார். கடலோரத்துப் பொமோர் மக்களின் பாட்டும் அதில் சேர்ந்தது. 1940 பிப்ரவரி 2ஆம் தேதி அது தொழில்முறைக் குழுவாக அங்கீகாரம் பெற்றது. அடுத்த ஆண்டே போர். சரக்கு ரயில் பெட்டிகளில் ஏறி, அரை வயிறும் கால் தூக்கமுமாக, குண்டுவீச்சுக்கு ஒதுங்கி ஒதுங்கி, போர்வீரர்களுக்கும் மருத்துவமனையில் கிடந்தவர்களுக்கும் பாடினார்கள். ஆர்க்காங்கெல்ஸ்கே அப்போது பசியில் கிடந்த ஊர் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கிராமத்துப் பாட்டு மேடை ஏறினால் மாறத்தான் செய்யும். நடனக்குழு வந்தது, 1952இல் வாத்தியக்குழு வந்தது, அரசு விரும்பிய புதுப் பாட்டுகளும் வந்தன. வாசற்படியில் அழுத கல்யாணப் பெண்ணின் பாட்டு, ஆயிரம் பேர் முன்னால் அளவெடுத்த நிகழ்ச்சி ஆகிவிடுகிறது. ஆனால் கிராமங்களே காலியாகிப்போன நூற்றாண்டு அது. அவர் எடுத்து வைத்திராவிட்டால் பல பாட்டுகள் அந்தப் பாட்டிகளோடேயே மண்ணுக்குள் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

1960இல் பொறுப்பை நீனா மெஷ்கோவிடம் கொடுத்தார். அவர் மாஸ்கோ இசைக்கல்லூரியில் முறையாகப் படித்தவர். 2008இல் கண்மூடும்வரை அந்த இடத்தில் இருந்தார். கொலோத்திலோவா 1962இல் காலமானார். எண்பது ஆண்டுக்கும் மேலாக இரண்டே பெண்கள் ஒரு குழுவைக் கைமாற்றிக் காத்திருக்கிறார்கள்.

இனி நான் பேசப்போவதில்லை. அந்தக் குழுவின் பதிவு ஒன்றை வைத்திருக்கிறேன், போடச் சொல்கிறேன். மொழி புரியாவிட்டால் கவலைப்படாதீர்கள். அந்த ஓகாரங்களைக் கேளுங்கள். பிறகு, எந்த இடத்தில் யார் மூச்சு வாங்குகிறார் என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்.