பழைய லாரியில் கேபின் ஏன் சாய்கிறது

நேயர்களுக்கு என் வணக்கம். சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஓசூர் சாலை வழியாகப் பெங்களூருக்குச் சரக்கு கொண்டுவரும் பழைய கனரக லாரிகள் பலவற்றில் கேபின் ஒரு பக்கமாகத் தாழ்ந்திருப்பதைப் பார்க்கலாம். கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டியிருக்கும். கியர் சரியாக விழாது. முன் கண்ணாடியின் மூலையில் காரணம் தெரியாமல் விரிசல் விழும். ஓட்டுநர் நாள் முழுவதும் இடுப்பை ஒரு பக்கம் வளைத்தே உட்கார்ந்திருப்பார். வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று உரிமையாளர்கள் இதைத் தள்ளிப்போடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இதைச் சரிசெய்யப் புறப்படுபவர் முதலில் பெங்களூரில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுக்குப் போய், இணைப்புகளில் பொருத்தும் ரப்பர் வைத்த உருளையான புஷ்ஷை வாங்கக் கூடாது, அளவு நாடாவை எடுக்க வேண்டும் என்பதே நான் இன்று வலியுறுத்த விரும்புவது. சாய்ந்திருப்பது கேபினா, வண்டியா என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சரக்கை இறக்கிவிட்டு, மட்டமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு முன் டயர்களிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, முன் அச்சுக்கு மேலே, வண்டியின் அடித்தள இரும்புச் சட்டமான சேஸின் உயரத்தைத் தரையிலிருந்து இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அங்கேயே வேறுபாடு தெரிந்தால், ஸ்பிரிங் பட்டை ஒன்று உடைந்திருக்கலாம், அல்லது வளைவு இழந்து தளர்ந்திருக்கலாம். கேபினைத் தொடவே தேவையில்லை. சேஸ் மட்டமாக இருந்தால் மட்டுமே, சேஸின் மேல்பரப்பிலிருந்து கேபினின் அடிச்சட்டம் வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். எந்த மூலையில் அளவு குறைகிறதோ அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம். பெரும்பாலும் அது வலது மூலையாகவே இருக்கும். ஓட்டுநர் ஏறுவதும் இறங்குவதும் உட்காருவதும் அந்தப் பக்கத்தில்தானே!

அடுத்து, கேபின் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சேஸை மட்டும் வாங்கி, சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் மரச்சட்டம் வைத்துக் கேபின் கட்டிய வண்டிகளில், தகட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கி அடிமரம் உளுத்துப்போயிருக்கும். அங்கே எத்தனை ரப்பர் மாற்றினாலும் பயன் இல்லை. முன்பக்கம் கவிழ்க்கும் இரும்புக் கேபின்களில், முன்னால் உள்ள கீல் புஷ்களும் பின்னால் உள்ள ரப்பர் மவுண்டிங்குகளும்தான் பாரத்தைத் தாங்குகின்றன. கம்பிப்பாரையை இடையில் கொடுத்து மெதுவாக நெம்பும்போது, புஷ்ஷின் உள்குழாய் நடுவில் நில்லாமல் வெளிவளையத்தில் இடித்தால் ரப்பர் கிழிந்துவிட்டது என்று பொருள். எண்ணெய் ஊறிய ரப்பர் உப்பி மெத்தென்று ஆகிவிடும். வெப்பத்தில் காய்ந்தது இறுகி வெடிக்கும்.

ரப்பர் நன்றாக இருந்தும் அளவு குறைகிறதா? அப்படியானால் அதைத் தாங்கும் பிராக்கெட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவையும் சேற்றையும் நீக்கிப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் பெயிண்டுக்கும் அழுக்குக்கும் அடியில்தான் ஒளிந்திருக்கும். இந்த இடத்தில் பலர் இரண்டு மூன்று வாஷர்களைச் செருகிக் கேபினை நிமிர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலை மட்டும் தணிப்பது போன்றது அது. உள்ளே விரிசல் வளர்ந்துகொண்டே போகும்.

காற்றுப் பைகள் தாங்கும் கேபின்களில் வேறு விதமாக யோசிக்க வேண்டும். இரவில் நிறுத்திய வண்டி காலையில் தாழ்ந்திருந்து, இன்ஜினை ஓடவிட்டுக் காற்று ஏறியதும் நிமிர்ந்தால், எங்கோ கசிவு இருக்கிறது; சோப்பு நீர் தடவினால் இடம் தெரிந்துவிடும். காற்று முழுமையாக இருந்தும் தாழ்ந்தே நின்றால், உயரத்தைச் சமன்செய்யும் வால்வையும் அதன் இணைப்புக் கம்பியையும் பார்க்க வேண்டும். கம்பி கழன்றோ வளைந்தோ இருந்தால், புதுப் பை போட்டாலும் பழைய உயரத்திலேயே நிற்கும்.

வேலையைத் தொடங்கும்போது, கவிழ்க்கும் கேபினை முழுவதுமாகச் சாய்த்து, பாதுகாப்புத் தாங்கியைப் பூட்டிய பிறகே அடியில் கை வைக்க வேண்டும். பாதி சாய்த்த கேபினுக்கு அடியில் தலையை நுழைப்பதற்கு எந்த அவசரமும் காரணமாகாது. புஷ்களை ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே சரி. புதியதும் பழையதும் ஒரே பாரத்தில் ஒரே அளவு அமுங்குவதில்லை. பிராக்கெட்டுக்கு வெல்டிங் தேவைப்பட்டால், பேட்டரி இணைப்புகளைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்டினால், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பிழைக்கும். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் கேபின் கவிழ்ந்திருக்கும்போதே இறுதியாக இறுக்கிவிடுவது பரவலாக நடக்கும் தவறு. கேபினைக் கீழே இறக்கி, ஓடும் உயரத்தில் உட்காரவைத்துத்தான் முழுவதும் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.

கேபின் நிமிர்ந்ததும் ஸ்டியரிங் தண்டின் இணைப்பும் கியர் ராடின் இணைப்பும் முன்பிருந்த கோணத்திலிருந்து மாறிவிடும். ஆகவே அவற்றைச் சரிபார்த்து, கேபின் பூட்டு இரண்டு பக்கமும் முழுமையாக விழுகிறதா என்று உறுதிசெய்யாமல் வண்டியைச் சாலைக்கு அனுப்பக் கூடாது. ஒரு நடை போய் வந்த பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கி, அதே நான்கு மூலைகளையும் அளந்து, முன்பு எழுதிய அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வணக்கம்.