இருபது வயது சான்ட்ரோ: இன்னும் செலவு பண்ணலாமா, விட்டுவிடலாமா?

(காட்சி: வேப்பமரத்தடியில் வெள்ளி நிறச் சான்ட்ரோ. முன்கண்ணாடியில் உதிர்ந்த வேப்பம்பூ.)

இந்த வண்டி 2006 மார்ச்சில் எங்கள் வீட்டுக்கு வந்தது. சான்ட்ரோ ஜிங், 1086 சி.சி. சென்னையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது. அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் ரொக்கமாக வாங்கினார். இப்போது இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது.

போன வாரம் எங்களுக்கு இரண்டு தொகைகள் வந்தன. பட்டறையில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் 62,000 ரூபாய். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புரோக்கர் சொன்ன விலை 45,000. மாடி வீட்டு மாமா இரண்டையும் கேட்டார். "நாற்பத்தஞ்சாயிரம் வண்டிக்கு அறுபத்திரண்டாயிரம் செலவா? கேட்டா சிரிப்பாங்கப்பா!"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் கேட்கும் வசனமும் இதுதான். ஆனால் இந்தக் கணக்கு தப்பு. வண்டியை விற்கப் போகிறவருக்குத்தான் 45,000 என்ற எண் வேண்டும். ஓட்டப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: இந்த வண்டி இல்லையென்றால், அடுத்த ஒரு வருடம் போய்வர எனக்கு என்ன செலவாகும்? 62,000-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

(காட்சி: அப்பாவின் டைரி. நீல மையில் தேதி, கிலோமீட்டர், தொகை. ஓரத்தில் ஒட்டிய பெட்ரோல் பங்க் ரசீது.)

இது அப்பாவின் டைரி. ஒரு பல்பு மாற்றினால்கூட எழுதிவிடுவார். 2022-இல் 14,200. 2023-இல் 11,800. 2024-இல் 27,500. 2025-இல் 33,000. நான்கு வருடச் சராசரி 21,600 சொச்சம். டைரி இல்லாதவர்கள் ஜிபே, கார்டு கணக்கைத் தேடிப் பார்த்தாலே பாதி கிடைத்துவிடும். ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள். போன மாதம் கட்டிய பில் மலை மாதிரி தெரியும், அதற்கு முன் பதினோரு மாதம் சத்தமில்லாமல் ஓடியது மறந்துபோகும்.

இப்போது எதிர்ப்பக்கம். புதிதாக ஒரு சின்ன கார், ஆன்ரோடு 7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் கையிலிருந்து, மீதி 6 லட்சம் கடன். 9 சதவீத வட்டி, ஐந்து வருடம். மாதத் தவணை சுமார் 12,455 ரூபாய். அதாவது பட்டறைக்காரர் கேட்கும் 62,000, ஐந்து மாதத் தவணைக்குச் சமம்.

இந்த இடத்தில் பழைய கார் பிரியர்கள் கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். கொஞ்சம் இருங்கள். தவணை கட்டி முடித்தால் கையில் ஒரு வண்டி இருக்குமே? ஐந்து வருடம் கழித்து அது மூன்றரை லட்சத்துக்குப் போகும் என்று வைத்தால், கட்டிய ஒரு லட்சம், தவணையாகப் போன ஏழு லட்சத்து நாற்பத்தேழாயிரம் இரண்டையும் கூட்டி, மூன்றரை லட்சத்தைக் கழியுங்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம். வருடத்துக்கு ஒரு லட்சம். புது வண்டியின் உண்மையான விலை அதுதான்.

மைலேஜ்? எங்கள் வண்டி ஊருக்குள் லிட்டருக்கு 12 கொடுக்கிறது. புதியது 18 கொடுக்கட்டும். நாங்கள் ஓட்டுவது வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் மிச்சமாவது 14,000. நீங்கள் 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் என்றால் அது 42,000 ஆகிவிடும், கணக்கே மாறும். அதனால்தான் "பழைய வண்டியை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, "தினமும் எவ்வளவு தூரம் போறீங்க?"

நடுவழி ஒன்றும் உண்டு. ஆறேழு வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் வண்டி. நல்ல வழிதான். ஆனால் அங்கே நீங்கள் வாங்குவது, படிக்கக் கிடைக்காத ஒருவருடைய டைரியை.

சரி, பணம் இவ்வளவுதான். இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

(காட்சி: கசங்கிய எஸ்டிமேட் தாள். ஒவ்வொரு வரியாக.)

இந்த 62,000 ஒரே செலவு இல்லை. ஸ்டியரிங் ராக் 15,000. முன்பக்க ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் 10,500. கிளட்ச் செட் 8,500. ரேடியேட்டர் 5,000. இதுவரை 39,000. மீதி 23,000 அடித்தகட்டு வெல்டிங், டிங்கரிங், பெயின்ட்.

முதல் 39,000-ஐப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவையெல்லாம் தேய்வதற்கென்றே செய்த சாமான்கள், செருப்பு மாதிரி. மாற்றினால் அந்த இடம் புதுசு. சான்ட்ரோ ஜிங் உற்பத்தி 2014-இல் நின்றாலும், அதே எப்சிலான் எஞ்சின் ஐ10-லும் வந்தது. சென்னை ஜி.பி. ரோட்டில் புதியது கிடைக்கும், புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். உங்கள் வண்டிக்கு இந்த இரண்டு இடத்திலும் சாமான் இல்லையென்றால், ஒரு கண்ணாடி மூடிக்காக மூன்று வாரம் வண்டி பட்டறையில் நிற்கும். அப்படி ஆரம்பித்துவிட்டதென்றால் அது விடைபெறும் காலம்.

எஞ்சினும் பெரிய வில்லன் இல்லை, நாம்தான் அதைப் பார்த்துப் பயப்படுகிறோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகையைப் பாருங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கருப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சூடான பிறகும் வெள்ளையாக, நிற்காமல் வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்படலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைத்திருக்கும் தகட்டை, கவனிக்க வேண்டும்.

அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பது. நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் மெக்கானிக் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளப்பார். அளவு ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஒரு ஸ்பூன் ஆயிலில் ஐந்தாயிரமா, நாற்பதாயிரமா என்பது பாதி தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் "எஞ்சின் இறக்கணும் சார்" என்று சொல்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

(காட்சி: லிஃப்டில் ஏற்றிய வண்டி. கேமரா அடியில். மெக்கானிக் கையில் மரப்பிடி ஸ்க்ரூடிரைவர்.)

கார் உண்மையில் சாவது இங்கேதான். லாரிக்கு, ஜீப்புக்குத் தனியாக சேசிஸ் உண்டு. பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். இந்த மாதிரி சின்னக் காருக்கு அப்படி இல்லை. தகடுகளை மடித்து, ஒட்டி, வெல்டிங் வைத்துச் செய்த கூடுதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு வெறும் அலங்காரம் இல்லை, அது வண்டியின் முதுகெலும்பில் பாதி.

துரு பிடிப்பதும் அங்கேதான். கீழ்ப்பக்கம் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். சேறு போய் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் உள்ளேயே நிற்கும். நாங்கள் இருப்பது திருவான்மியூர், கடற்காற்றில் உப்பு வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வண்டி அரை டயர் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. அந்த ஓட்டைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட வருடத்துக்குப் பத்து நிமிடம் போதும். பத்து வருடமாக எங்கள் வீட்டில் யாரும் குத்தவில்லை.

(காட்சி: மிக அருகில், ரன்னிங் போர்டு. பெயின்ட் அப்பளம் போல உப்பியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டும் ஒலி.)

சத்தத்தைக் கேளுங்கள். இங்கே 'டங்'. கொஞ்சம் தள்ளி 'டங்'. இங்கே... 'தொப்'. கெட்டியான தகடு மணி மாதிரி பேசும். இற்றுப்போனது அட்டைப்பெட்டி மாதிரி. மெக்கானிக் அண்ணன் முனையைத் திருப்பி லேசாக அழுத்தினார். டிரைவர் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பழுப்புத் தூள் கொட்டியது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதுதான் தீர்ப்பு. தரைத்தகட்டில் என்றால் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். முன் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம், ஸ்டியரிங் மாட்டியிருக்கும் இடம், சீட் பெல்ட் பூட்டியிருக்கும் இடம், இவற்றில் 'தொப்' என்று கேட்டால் நான் பேரமே பேச மாட்டேன். அதற்கு மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் பளபளப்பாக இருக்கும். ஒரு விபத்தில்தான் உண்மை தெரியும். (ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். தகட்டில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது.)

எங்களுடையது தரைத்தகட்டிலும், இடப்பக்க ரன்னிங் போர்டில் ஒரு சாண் நீளத்துக்கும். மற்ற இடமெல்லாம் 'டங்'.

வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது: பதினைந்து வருடம் ஆனால் காரை ஓட்டவே கூடாதாம். அந்தக் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கு வந்தது. நம் ஊரில் சொந்த காருக்கு, பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றைக் காட்டி, ஐந்தைந்து வருடமாக ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்கலாம். பசுமை வரி தனி. எங்கள் வண்டிக்கு 2021-இல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். வலிக்கிற தொகைதான். ஆனால் ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 2,000.

இன்ஷூரன்ஸில், 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தை 2022-இல் 3,416 ரூபாய் என்று வைத்தார்கள், வரி தனி. வண்டி பழசானதற்காக அது ஏறாது.

பெட்ரோலையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த வயது வண்டிகளின் ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்தவை இல்லை. பெட்ரோல் வாசனை வந்தாலும் வராவிட்டாலும், பழைய ஃப்யூயல் ஹோஸ்களை ஒருமுறை மாற்றிவிடுங்கள். வண்டி தீப்பிடிப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லாத செலவு.

இனி எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாத ஒன்று. இந்த வண்டியில் ஏர்பேக் இல்லை, திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லை. 2019-இல்தான் இந்த இரண்டையும் புது வண்டிகளுக்குக் கட்டாயமாக்கினார்கள். இருபது லட்சம் செலவழித்தாலும் இந்தச் சான்ட்ரோவை 2019 வண்டி ஆக்க முடியாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் இந்த வண்டி போகாது. ஊருக்குப் போக ரயில், இல்லாவிட்டால் வாடகை டாக்ஸி. அந்தச் செலவையும் டைரியில் இந்த வண்டியின் கணக்கிலேயே எழுதுகிறோம். எழுதினால்தான் நியாயம்.

(காட்சி: அப்பா காரில் ஏறுகிறார். கேமரா முழங்கால் உயரத்தில்.)

இவ்வளவு கணக்கும் சொல்லிவிட்டு அப்பாவிடம் கேட்டேன். "பாசமா இருக்கு, அதான் விடமாட்டேங்கறீங்களா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பாசமாவது, மண்ணாவது. எனக்கு இதுலதான்டா முட்டி வலிக்காம ஏற முடியுது."

கவனித்துப் பாருங்கள். சான்ட்ரோ உயரமாகச் செய்த வண்டி. சீட் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அவர் குனியவும் இல்லை, விழவும் இல்லை, நாற்காலியில் உட்கார்வது போல உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்கிறார். இரண்டு வாரம் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கி அவர் பார்த்தது மைலேஜையோ, டச் ஸ்க்ரீனையோ இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

ஆகவே செய்கிறோம். ஆனால் ஒரு வரம்போடு. இந்த வருடம் 62,000, அதோடு ஆர்.சி. கட்டணம். அடுத்த வருடத்திலிருந்து 40,000-ஐத் தாண்டும் எஸ்டிமேட் வந்தால் பேச்சே இல்லை. அது பாதி வழியில், பட்டறைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்கக் கூடாத முடிவு. அதனால் இப்போதே டைரியின் கடைசிப் பக்கத்தில் அப்பாவே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நடுரோட்டில் வருடத்துக்கு மூன்று முறை நின்றாலும் அதே முடிவு.

அந்த நாள் வந்தால் நேராகக் காயலான் கடைக்கு அனுப்பமாட்டோம். ஆர்.சி.யை ரத்து செய்யாமல் கொடுத்தால் வண்டி உடைந்த பிறகும் நம்பர் உங்கள் பேரிலேயே உயிரோடு இருக்கும். அந்த நம்பரில் யார் என்ன செய்தாலும் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. பதிவு பெற்ற ஸ்க்ராப் மையத்தில் கொடுத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டியின் பதிவுக் கட்டணத்திலும் சலுகை உண்டு.

(காட்சி: பட்டறை. தரைத்தகட்டில் வெல்டிங் பொறி. வெட்டி எடுத்த துருத் தகடு ஓரமாகக் கிடக்கிறது. அதை அப்பா செய்தித்தாளில் சுற்றுகிறார்.)

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ். படிவம் 25-ஐ அப்பாவே நிரப்பிவிட்டார். சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்தாயிற்று, பதினேழு எழுத்தும் தெளிவாக விழுந்தன. பிரேக், இண்டிகேட்டர், புகைச் சான்று எல்லாம் சரி. ஹாரன்தான் காலையிலிருந்து ஒருமுறை அடிக்கிறது, ஒருமுறை அடிக்கமாட்டேன் என்கிறது.