ஹோஸுக்கு அடியில் பூத்த வெள்ளைப் பொடி

வணக்கம் நண்பர்களே. இந்தத் துண்டைக் கொஞ்சம் கிட்ட வைத்துக் காட்டுகிறேன், பாருங்கள். இது தெர்மோஸ்டாட் ஹவுசிங், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வின் கூடு. ஹோஸ் ஏறி உட்காரும் கழுத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. அடியில் சின்னச் சின்னக் குழிகள். என் வண்டியிலிருந்து நேற்றுக் கழற்றியது. கூலன்ட் குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். அலுமினியம்தானே, துருப்பிடிக்காது என்று நினைத்துவிட்டேன்.

இரும்பு மாதிரி சிவப்பாகத் துருப்பிடிக்காது, சரி. ஆனால் அரிக்கும். காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று வந்துவிடும். சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனாலும் கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். அந்தப் படலம்தான் உலோகத்தைக் காக்கிறது. அதைத் தொடும் திரவத்தின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, ஏறத்தாழ 4-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கும்வரை தாங்கும். அமிலம் ஏறினாலும் கரையும், காரம் ஏறினாலும் கரையும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரைடோ படலம் பலவீனமான இடமாகப் பார்த்துத் துளைத்துக்கொண்டே கீழே போகும். இந்தக் குழிகள் அப்படி வந்தவைதான். ஹோஸுக்கும் உலோகத்துக்கும் நடுவே தேங்கும் ஈரம் அதை இன்னும் மோசமாக்கும்.

கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் சூட்டிலும் ஆக்சிஜனிலும் மெல்ல மெல்ல அமிலமாக மாறும். அதை அடக்கத்தான் அரிப்புத் தடுப்பான்களைச் சேர்க்கிறார்கள். அவை வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகும். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது வெறும் சாயம். பச்சை அப்படியே இருக்கும், உள்ளே தடுப்பான் காலியாகியிருக்கும். அதனால் வண்டியின் கையேட்டில் சொன்ன காலக்கெடுவில் மாற்றிவிடுங்கள். கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், பெரும்பாலும் பாதிக்குப் பாதி. எந்த வகை கூலன்ட் என்பதும் கையேட்டிலேயே இருக்கும். சிலிக்கேட் வகையையும் ஆர்கானிக் ஆசிட் வகையையும் கண்டபடி கலந்தால் பாதுகாப்பு குறையும், சிலது கூழாகியும் போகும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இன்ஜினை வெளியே கழுவ காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம். பளபளவென்று வருவது அழுக்குப் போனதால் மட்டும் இல்லை, உலோகமும் கரைந்து போகிறது.

அப்புறம் போல்ட். அலுமினியத்தில் எஃகு போல்ட் ஏறி, ஈரமும் சேர்ந்தால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகிவிடும். கரைவது அலுமினியம்தான். மரையில் ஆன்டி சீஸ் என்ற பசை தடவினால் போல்ட் கழற்ற முடியாதபடி சிக்கிக்கொள்ளாது. ஆனால் தடவிய மரையில் அதே டார்க், அதாவது முறுக்கு விசை, கொடுத்தால் போல்ட் அதிகமாக இழுபடும், அதனால் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இந்த ஹவுசிங்கை நான் மாற்றப் போகிறேன். கழுத்தில் இத்தனை ஆழமாகக் குழி விழுந்தால் கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் கசியும். புதியதைப் பூட்டும் முன், இன்ஜினின் ஹெட்டில், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் பரப்பிலும் அரிப்பு இருக்கிறதா என்று லைட் அடித்துப் பார்க்க வேண்டும். வாருங்கள், கேமராவை அங்கே கொண்டுபோகிறேன்.