முலாம்பழமும் ஒரு ஃப்ரீசரும்

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியைக் கருணையோடு எடுத்துக்கொண்ட துணைவேந்தர் அவர்களே, பெயர் விட்டுப்போனால் கோபித்துக்கொள்ளும் உரிமையுள்ள துறைத்தலைவர்களே, பின்வரிசையில் போனில் மூழ்கியிருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தொழிற்சாலையில் நுண்ணுயிர்கள் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். உணவு, மருந்து, கழிவுநீர் என மூன்றாகப் பிரித்துப் பேச உத்தேசம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். இங்கே துரும்பு கண்ணுக்கே தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் உணவு. குளிர்பானத்தில் நாக்கைச் சுண்டும் சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1919 முதல் அதைத் தொழிற்சாலையில் தயாரித்துக் கொடுப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சை. சர்க்கரையைப் போட்டால் அமிலமாகத் தரும். சரி, மருந்துக்கு வருவோம்.

பெனிசிலினை 1928-இல் ஃபிளெமிங் கண்டுபிடித்தார் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். கண்டுபிடித்தால் போதுமா? ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி என்ற விஞ்ஞானியின் குழு அதைச் சுரக்கும் பூஞ்சையை வளர்க்கப் பாத்திரம் கிடைக்காமல், மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வைக்கும் மலத்தட்டான பெட்பேன்களில் வளர்த்தது. சிரிக்காதீர்கள், நிஜம். ஜெர்மானியப் படை வந்துவிட்டால் பூஞ்சை பிழைக்கட்டும் என்று கோட்டின் உள்துணியில் அதன் வித்துகளைத் தேய்த்து வைத்துக்கொண்டார்கள். 1941-இல் ஃப்ளோரியும் அவர் குழுவைச் சேர்ந்த ஹீட்லியும் அமெரிக்காவுக்குப் போய், பியோரியா ஊரின் அரசு ஆய்வகத்தில் போய் நின்றார்கள். மக்காச்சோளத்தில் ஸ்டார்ச் எடுத்தபின் மிஞ்சும் ஊறல் நீரை ஊற்றிப் பார்த்தால் பூஞ்சை பல மடங்கு மருந்தைச் சுரந்தது. கழிவுநீர்தானே, கொட்டிவிடலாமா? சிறு துரும்பும் பல் குத்த உதவும்!

அதோடு விட்டார்களா? இன்னும் நல்ல பூஞ்சை வேண்டுமென்று உலகமெல்லாம் மண்ணை அள்ளிவரச் செய்தார்கள். கடைசியில் அது கிடைத்தது அதே ஊர்ச் சந்தையில், 1943-இல், பூசணம் பிடித்த ஒரு முலாம்பழத்தில். கொண்டுவந்தவர் ஆய்வக ஊழியர் மேரி ஹன்ட் என்று ஒரு கதை, யாரோ ஒரு இல்லத்தரசி என்று இன்னொரு கதை. பூஞ்சையை வழித்தெடுத்ததும் மிச்சப் பழத்தை ஆய்வகத்தார் வெட்டித் தின்றுவிட்டார்கள் என்றும் சொல்வார்கள், நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்தப் பூஞ்சைக்கு எக்ஸ்ரேயும் புற ஊதாக் கதிரும் காட்டிக் காட்டி விளைச்சலைக் கூட்டினார்கள். பெட்பேனில் வளர்ந்தது ராட்சதத் தொட்டிகளுக்குப் போனது.

என் விஷயம் இதுதான். அந்த முலாம்பழப் பூஞ்சைக்கு, பியோரியா ஆய்வகத்தின் பெயர்ச் சுருக்கத்தோடு என்ஆர்ஆர்எல் 1951 என்று எண் போட்டு இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பேர் வேண்டாம், ஒரு பேராசிரியர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பாக்டீரியாக்கள் ஒரே ஃப்ரீசரில் இருந்தன. நீண்ட விடுமுறையில் மின்சாரம் போயிற்று. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர், எழுத்துக் கரைந்த லேபிள்கள் அதில் மிதந்துகொண்டிருந்தன. அவர் ஒரு வார்த்தை பேசாமல் துடைப்பத்தை எடுத்தார். அந்த ஈரத்தில் எந்த மருந்து செத்துக் கிடந்ததோ, யார் கண்டது? அதனால்தான் போகிற மேடையிலெல்லாம் கேட்கிறேன், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு நுண்ணுயிர்ச் சேமிப்பகம் வேண்டும், உறைய வைத்து உலர்த்திய நகல் ஒன்று வேறு கட்டடத்திலும் இருக்கவேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். கழிவுநீரைத் தொடவே இல்லை, தெரியும். துணைவேந்தர் அவர்கள் ஏதோ குறித்துக்கொள்கிறார். ஐயா, ஃப்ரீசர் என்று மட்டும் எழுதாமல், அதற்கு ஜெனரேட்டர் இணைப்பு என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.