பியாலிக் எழுதுனதும் எழுதாம விட்டதும்

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு கிஷினேவ் பத்தி பேசணும், இப்போ அது மால்டோவாவோட தலைநகரம், அப்போ ரஷ்ய ஜார் ஆட்சிக்குள்ள இருந்த ஊரு. 1903 ஏப்ரல்ல ஈஸ்டர் அன்னைக்கு அங்க யூதங்க மேல கும்பல் பாய்ஞ்சது. பக்கத்துல துபோசாரிங்கிற ஊர்ல ஒரு பையன் கொலையாகிக் கெடந்தான், யூதங்கதான் மதச்சடங்குக்காகக் கொன்னுட்டாங்கன்னு உள்ளூர் பேப்பர் ஒண்ணு பொய்யா எழுதி எழுதியே ஜனங்கள ஏத்தி விட்டுச்சு. ரெண்டு நாள் கலவரத்துல 49 பேர் செத்தாங்க, நூத்துக்கணக்குல வீடு, கடையெல்லாம் சூறை, பொம்பளைங்களுக்கு நடந்தது அதைவிடக் கொடுமை.

இப்போ உக்ரைன்ல இருக்கிற ஒதேசாவுல இருந்த யூத எழுத்தாளர்கள் சேந்து, போய் சாட்சியம் வாங்கிட்டு வாங்கன்னு ஹாயிம் நஹ்மான் பியாலிக்ங்கிற ஹீப்ரு கவிஞரை அனுப்புனாங்க. வயசு 30தான். தப்பிச்சவங்ககிட்ட உக்காந்து கேட்டு கேட்டு நோட்டு நோட்டா எழுதினாரு. ஆனா அந்த ரிப்போர்ட் வெளிய வரவே இல்ல, அதுக்கு பதிலா ஹீப்ருல ஒரு நீண்ட கவிதை வந்துச்சு, 'படுகொலை நகரத்தில்'. சென்சார் கெடுபிடியால 17ம் நூற்றாண்டுல நடந்த நெமிரோவ் படுகொலை பத்தினது மாதிரி வேற தலைப்பு போட்டுத்தான் அச்சாச்சு.

கவிதையில கடவுளே பேசுறாரு. எழுந்து போ, வேலியிலயும் கல்லுலயும் ஒறைஞ்சு கெடக்கிற ரத்தத்தை கையால தொட்டுப் பாருன்னு கவிஞனை முற்றம் முற்றமா அனுப்புறாரு, கிழிச்சுப் போட்ட தலகாணிலேர்ந்து செதறுன இறகு எங்க பாத்தாலும் கெடக்கு. கடைசில நானும் உங்கள மாதிரி ஏழையாயிட்டேன், என்னை மன்னிச்சிருங்கன்னு அந்தக் கடவுளே சொல்றாரு. எனக்கு இந்த எடத்தைத் தாண்டி படிக்கவே முடியல.

ஆனா கோவம் கொன்னவன் மேல மட்டும் இல்ல. பொண்டாட்டிய, அக்கா தங்கச்சிய நாசம் பண்றப்போ ஒளிஞ்சு பாத்துட்டு இருந்த ஆம்பளைங்கன்னு சொந்த ஜனத்தையே காறித் துப்புறாரு. அந்தக் கவிதை ஜபோடின்ஸ்கிங்கிற யூத எழுத்தாளரோட மொழிபெயர்ப்புல ரஷ்ய மொழியில வந்ததும் இளைஞர்கள் நடுவுல தீயா பரவுச்சு, இனி திருப்பி அடிக்கணும்னு தற்காப்புக் குழு கட்டுன தலைமுறை அதை மனப்பாடம் பண்ணிச்சு.

ஆனா பாருங்க, கிஷினேவ்லயே ரெண்டாம் நாள் காலைல தடியும் கம்புமா கூடி எதுத்து நின்ன யூதங்க இருந்தாங்க, போலீஸ்தான் அவங்களைக் கலைச்சு விட்டுச்சு. கவிதையில இதுக்கு எடமே இல்ல. பொம்பளைங்களும் அதுல வாயே திறக்கல, நிஜத்துல அவங்க தங்களுக்கு நடந்ததை அவர்கிட்ட நேருக்கு நேர் சொல்லி அவர் எழுதி வாங்கியிருக்காரு. எவ்ளோ பெரிய கவிஞரா இருந்தாலும் இது அநியாயம்னுதான் நான் சொல்லுவேன். பியாலிக் 1934ல போயிட்டாரு, நோட்டுல இருந்த சாட்சியங்க புத்தகமா வர 1991 ஆயிருச்சு, அதுக்குள்ள சொன்னவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே போய்ச் சேந்துட்டாங்க.