காது பாஸ், ஆனால் சத்தம் கேட்காது! எப்படி?

வணக்கம். குன்னூரில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வையுங்கள். காதில் சின்ன முனையைச் செருகி, உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. டெஸ்ட் எடுக்கிறார்கள். 'பாஸ்'. ஆனால் அந்தக் குழந்தைக்கு எந்தச் சத்தமும் கேட்காது. மெஷினில் கோளாறு இல்லை, உள்காதும் வேலை செய்கிறது!

சத்தம் செவிப்பறை, மூன்று குட்டி எலும்புகள் வழியாக உள்காதில் இருக்கும் காக்ளியாவுக்குப் போகும். அவ்வளவு போதும், விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் காது சத்தம் போடும், தெரியுமா? காக்ளியாவில் சுமார் 12,000 வெளி ரோமச் செல்கள் இருக்கின்றன. சத்தம் வந்ததும் நீண்டு சுருங்கி ஆடி, அதைப் பெரிதாக்குகின்றன. அந்த ஆட்டத்தில் கொஞ்சம் செவிப்பறை வழியாக வெளியே கசியும். 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் இதைப் பதிவு செய்து காட்டினார். எனக்கு இன்னும் இது ஆச்சரியம்தான்! ஓ.ஏ.இ. பிடிப்பது இந்தக் கசிவை. இதற்கு, காதிலிருந்து மூளைக்குச் சிக்னலைக் கொண்டுபோகும் கேட்கும் நரம்பே தேவையில்லை.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்த நரம்பு இருக்காது. இப்படி நினைத்துப் பாருங்கள்: தேயிலையைப் பறித்து, எடை போட்டு, மூட்டையும் கட்டியாச்சு. ஃபேக்டரிக்கு ரோடே போடவில்லை. இலை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ரோடு இல்லாதது எப்படித் தெரியும்?

அதனால் பெற்றோர்களே, சத்தத்துக்குக் குழந்தை திரும்பவில்லை என்று தோன்றினால் 'பாஸ்' சீட்டோடு நிற்காதீர்கள். பெரா டெஸ்ட் கேளுங்கள். தூங்கும் குழந்தையின் தலையில் எலக்ட்ரோடு ஒட்டி, சிக்னல் மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். அதற்காகக் கோயம்புத்தூர் வரை இறங்க வேண்டியிருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். நரம்பு இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும்.

இன்னொரு விஷயம். உடல் சமநிலைக்கான நரம்புக் கிளை வேறு. இந்தக் குழந்தைகள் பலருக்கு அது இருக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லட்டி ரோட்டின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நமக்குத் தலை சுற்றுவது போலவே அவர்களுக்கும் சுற்றும்!

சிகிச்சை? காக்ளியாவுக்குள் வைக்கும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் தூண்டுவதே அந்தக் கேட்கும் நரம்பைத்தான். ஸ்கேனில் தெரியாத மெல்லிய இழைகள் இருந்தால் சிலருக்கு ஓரளவு பலன் கிடைக்கும். இல்லையென்றால் மூளைத்தண்டிலேயே வைக்கும் இம்ப்ளான்ட் உண்டு. 1979இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதலில் பெரியவர் ஒருவருக்கு வைத்தார்கள். பலன் ஆளுக்கு ஆள் மாறும். ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும், சைகை மொழியை இன்றே ஆரம்பியுங்கள். வீட்டில் தாத்தா பாட்டியும் சேர்ந்து கற்கட்டும்.