அதே எடை, அதே உதை

நேயர்களுக்கு வணக்கம்.

பதினெட்டு ஆண்டுகளாகக் கராத்தே கற்றுக்கொடுக்கிறேன். பயிற்சியைப் பாதியில் விட்டவர்களில் அடிபட்டு நின்றவர்கள் குறைவு. "மாஸ்டர், நான்கு மாதமாக ஒன்றுமே ஏறவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். அவர்கள் போனதைவிட, உள்ளே ஏதோ கனிந்துகொண்டிருந்தபோது போனதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எடை தூக்குவதிலும் கராத்தேயிலும் வரும் அந்தத் தேக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

புதிதாக எடை தூக்கத் தொடங்குகிறவருக்கு முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று கூடும். தசை அதற்குள் பருத்துவிடுவதில்லை. ஏற்கெனவே இருக்கிற தசை இழைகளில் கூடுதலானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன, அவ்வளவுதான். அந்தச் சுலபமான வரவு தீர்ந்த பிறகு தசையே வளர்ந்தாக வேண்டும். எலும்போடு தசையைப் பிணைக்கும் தசைநாண்கள் அதைவிடவும் மெதுவாக உறுதிப்படும். ஆறாம் மாதத்தை முதல் மாதத்தின் அளவுகோலால் அளக்கிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கராத்தே போன்ற கலையில் வரும் தேக்கம் வேறு வகை. பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுத்துகளை ஒலிக்குறிகளாக அனுப்பும் தந்தியைப் பழகுகிறவர்களைத் தொடர்ந்து சோதித்து, 1897இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தந்தி அனுப்பும் வேகம் ஓரளவு சீராக ஏறியது. காதால் கேட்டு வாங்கும் வேகமோ வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது. பிறகு சட்டென்று ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்ட காது சொல் சொல்லாகக் கேட்கப் பழகிய காலம் அது என்று அவர்கள் விளக்கினார்கள். எல்லோருக்கும் அப்படி நிற்பதில்லை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்ததும் உண்டு. ஆனாலும் பயிற்சிக்கூடத்தில் நான் கண்டவற்றுக்கு அந்த விளக்கம் அப்படியே பொருந்துகிறது.

கறுப்பு பெல்ட்டுக்கு முந்தைய படியான பழுப்பு பெல்ட் மாணவி ஒருவர். சண்டைப் பயிற்சியில் ஒரே எதிராளியிடம் மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தார். புள்ளிகளைப் பார்த்தால் அசைவே இல்லை. பக்கத்தில் நின்று பார்த்த எனக்கோ நிறைய தெரிந்தது. அடி வரும்போது கண்களை மூடுவதை விட்டிருந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதையும் விட்டிருந்தார். எதிராளியின் கால் கிளம்பும் முன்பே இடுப்பு திரும்புவதை அவர் கண் பிடித்துவிட்டது. உடல்தான் அரை நொடி பிந்தியது. "இனிமேல் புள்ளியை எண்ண வேண்டாம். உதை கிளம்புவதை எத்தனை முறை முன்னதாகப் பார்த்தீர்கள் என்று மட்டும் நோட்டில் எழுதுங்கள்" என்றேன். முதல் நாள் இரண்டு என்று எழுதினார். மூன்று வாரத்தில் அது ஒன்பதானது. அப்போதும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நேரம் தவறாமல் வந்தார். மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார். ஏறுகிற ஒன்றைக் கண்ணால் பார்த்ததால் வந்தார்.

உங்கள் எடை ஏறாவிட்டால், அதே எடையைத் தூக்கிய பின் மூச்சு சீராக எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துப் பாருங்கள். உதை உயராவிட்டால், உதைத்த காலைக் கீழே வைக்கும்போது தடுமாறுகிறீர்களா என்று பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். எல்லாத் தேக்கமும் உள்ளே கனிகிற காலம் அல்ல. காலையில் எழும்போதே நாடித்துடிப்பு வழக்கத்தைவிட வேகமாக இருக்கிறது, தூக்கம் கெடுகிறது, சிறிய சொல்லுக்கும் கோபம் வருகிறது, நேற்றுத் தூக்கிய எடை இன்று கனக்கிறது என்றால், உடல் ஓய்வு கேட்கிறது. இன்னும் கடுமையாக உழைத்து அதைத் தாண்டலாம் என்று நினைத்த நல்ல மாணவர்கள் முழங்காலைக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் பயிற்சியின் அளவைப் பாதியாக்குங்கள். வருவதை மட்டும் நிறுத்தாதீர்கள். இரவில் நன்றாகத் தூங்குங்கள். பகலில் பழகிய அசைவுகள் உறக்கத்தில்தான் உறுதிப்படுகின்றன. எட்டாம் நாள் பழைய எடைக்கே திரும்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். அப்போதும் அலுப்பு தீரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

பேச வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.